முப்பது பேர் பயந்து பார்த்தால்

கண்டதும் கண்ணை எடுத்துவிட வேண்டும். மறைகுறி தேடுகிறவர்களுக்கு அதுதான் முதல் பாடம். சிவரஞ்சனி மூன்று வருடமாக அதைப் பழகி வைத்திருந்தாள். ஆகவே கோட்டை மதிலில் அந்த மெல்லிய கோடு தென்பட்டதும் பார்வையை அங்கே நிறுத்தாமல் நகர்த்தி, பக்கத்திலிருந்த இளநீர்க் கடைப் பலகையை வெகு அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தாள். பலகையில் இருந்தது ஒரே ஒரு சொல். அதை மூன்று தடவை படித்தாள்.

ஆறு குறிகளை ஏற்கெனவே கண்டுபிடித்தாயிற்று. இது ஏழாவது. நெஞ்சு அடித்துக்கொண்ட அடி, பக்கத்தில் நின்ற கணவன் பூபதிக்கே கேட்டுவிடுமோ என்று பயந்தாள். அந்த மனுஷனுக்கு எதிரே யானை போனாலும் தெரியாது என்பது வேறு விஷயம்.

விந்தைவனம் என்ற கேளிக்கைப் பூங்காவின் ஒன்பது பகுதிகளில் 'மூழ்கிய பட்டினம்'தான் பெரியது. கடலுக்குள் போன பழைய துறைமுக நகரம் ஒன்றை, கப்பல், சந்தை, கலங்கரை விளக்கம், மதில் என்று ஒன்று விடாமல் கட்டி வைத்திருந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் நான்கு மாடி உயரத்துக்கு உப்புத் தண்ணீர் நிரப்பிய செயற்கைக் கடல். அதன் அடியில் ஒரு கண்ணாடிக் குகை. ஒரு நடைக்கு இருநூறு பேரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, நாற்பது நிமிடம் நகரும் பாதையில் கொண்டுபோய் மீனும் சுறாவும் காட்டி மறுபக்கம் இறக்கிவிடுவார்கள்.

இந்தப் பட்டினத்துக்குள் வருடத்துக்கு ஏழு மறைகுறிகளை ஒளித்து வைப்பது நிர்வாகத்தின் வழக்கம். ஏழையும் கண்டுபிடித்தவர் மாலை நான்கு மணிக்கு மேடையேறிச் சொல்ல வேண்டும். முதலில் சொன்னவரின் பெயரைக் கோட்டை வாசலில் கல்லில் வெட்டுவார்கள். வேறு பரிசு எதுவும் கிடையாது. ஆனால் ஒரு கல்லில் பேர் இருக்க வேண்டும் என்பதற்காக மனிதர்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததா? சிவரஞ்சனி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருப்பவள். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு துணிகளைப் புரட்டி, விட்டுப்போன தையலையும் எண்ணெய்க் கறையையும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுவாள். பதினாறு வருடம் பிறர் குறையைப் பார்த்தே தேய்ந்த கண்ணுக்கு ஒரு மரியாதை வேண்டும் என்று அவள் நினைத்ததில் தப்பில்லை.

போட்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் கண் நிற்கும் இடத்தை இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அதனால்தான் கண்டதும் கண்ணை எடுப்பது. கேட்டால் பொய் சொல்வதும் தொழில் தர்மத்தில் சேர்ந்தது. "அந்தப் பக்கம் ஒண்ணுமில்லீங்க, நான் பாத்துட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கே கட்டாயம் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

ஒரு குழந்தை அழுதபோது எல்லாரும் திரும்பினார்கள். அந்தச் சந்தடியில் சிவரஞ்சனி மதிலில் சாய்வதுபோல் சாய்ந்து, நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கோடு முடியும் இடத்தில் ஒட்டினாள். மதிலில் செதுக்கியிருந்த மீனின் வாலுக்குக் கீழே, சரியாகக் கோட்டின் நுனியில் பொட்டு உட்கார்ந்தது. குறை கண்ட இடத்தில் எதையாவது ஒட்டாமல் அவளால் நகர முடியாது. அப்போது மணி ஒன்று.

"அம்மா, குகைக்கு ரெண்டே கால் நடை. வர்றியா?" என்றாள் மகள் யாழ்மொழி. பதினொரு வயது.

"நீயும் அப்பாவும் போங்க சாமி. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்குது."

"உனக்கு எப்பவும் வேலைதான்" என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். சிவரஞ்சனிக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் நான்கு மணிக்கு மேடையில் ஏறியதும் இந்த முகம் மலர்ந்துவிடும் என்று தேற்றிக்கொண்டாள்.

இரண்டு இருபதுக்கு, கடைசியாக ஒருமுறை உறுதி செய்துகொள்ளலாம் என்று அவள் இளநீர்க் கடைப் பக்கம் வந்தாள். கண்ணின் ஓரத்தால் பொட்டைத் தேடினாள். பொட்டு இருந்தது. கோடு அதைத் தாண்டி ஒரு சாண் கீழே போயிருந்தது.

மறைகுறி வளராது. வைத்த இடத்தில் வைத்தபடி வருடம் முழுக்க இருக்கும். சிவரஞ்சனி முதல் முறையாக அந்தக் கோட்டை நேராகப் பார்த்தாள். விரலால் தொட்டாள். ஈரம். நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது. மதிலுக்குப் பின்னால் நிற்கும் கடலின் தண்ணீர்.

குகைக் கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே போன் எடுக்காது. திறக்க இன்னும் முப்பத்தைந்து நிமிடம்.

பகுதிக் காப்பாளரின் கூண்டு கலங்கரை விளக்கத்துக்கு அடியில் இருந்தது. அவர் பெயர் ஜெயசீலன். ஐம்பது வயதுக்காரர், நல்ல மாதிரி.

"மதில்ல வெடிப்புங்க. தண்ணி கசியுது. குகையத் தொறங்க, எம் புள்ள உள்ள இருக்கா."

அவர் பதறாமல் எதிரே இருந்த திரையைத் தட்டினார். "இளநீர்க் கடைக்குப் பக்கமா? அந்தச் சுவத்துல இப்ப நீங்க ஒருத்தர் பாத்தத விட்டா பார்வை பூஜ்யம்னு காட்டுதுங்களே."

விந்தைவனத்தில் எட்டு வருடமாக நோக்குவலைதான் எல்லாவற்றையும் பராமரிக்கிறது. நுழைவாசலில் ஒவ்வொருவர் காதோரத்திலும் நோக்கி என்ற சின்னக் கவ்வியை மாட்டி அனுப்புவார்கள். கண் எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, கருவிழி ஆசையில் விரிகிறதா பயத்தில் விரிகிறதா என்று அது படித்து வலைக்கு அனுப்பும். நாலு பேர் முகம் சுளித்துப் பார்த்தால் அது குறை. உடனே பூசுவான் என்ற எந்திரம் சுவரில் ஊர்ந்து வந்து சரிசெய்யும். ஆசையாகப் பார்த்தால் அது அழகு. அதை அப்படியே காப்பாற்றும். யாருமே பார்க்காவிட்டால் அங்கே ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு இருபதாயிரம் ஜோடிக் கண்களுக்குத் தப்பும் குறை எங்கே இருக்கிறது என்று கேட்டு, சுத்தியலால் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பதினாறு பொறியாளர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேள்வி என்னவோ நியாயமாகத்தான் இருந்தது.

"பூஜ்யம் எப்படிங்க வரும்? நானே ஒரு மணிக்கும் பாத்தேன்."

"எத்தன நேரம் பாத்தீங்க?"

அரை நொடிக்குக் குறைந்தால் வலைக்கு அது பார்வையே இல்லை என்பது போட்டிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்குள் நகர்த்தத்தான் மூன்று வருடம் பழகியிருந்தாள்.

"நீங்க வந்து பாருங்க. உங்க கண்ணாலயே பாருங்க."

ஜெயசீலன் வந்தார். வெடிப்பைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் இல்லை. இடுப்பிலிருந்த பேசியில் தலைமை அறையைக் கூப்பிட்டார். கேட்டார், தலையாட்டினார், மறுபடி கேட்டார், வைத்துவிட்டார்.

"என்னங்க சொன்னாங்க?"

"வலை ஒண்ணும் காட்டலன்னு சொல்றாங்க. என் பார்வை கணக்குல வராதுங்க. வேலைக்காரங்க பாக்கறத அது கழிச்சிரும்."

"கதவ நீங்க தொறக்க முடியாதா?"

"சாவியே இல்லீங்க எங்கிட்ட. வலைதான் தொறக்கணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு வழி. ஒரே எடத்துல முப்பது பேரு, ஒரே நேரத்துல பயந்து பாக்கணும். அப்பத்தான் பகுதிய நிறுத்திக் கதவத் தொறந்துவிடும்."

சிவரஞ்சனி சுற்றிலும் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இளநீர் வாங்காமல் நான்கு பேர் அந்தக் கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். கரூரில் கடிகாரம் பழுதுபார்க்கும் தாவூத் பாய், வருடம் தவறாமல் வரும் போட்டிக்காரர், அவரும் அதே பலகையைத்தான் படித்துக்கொண்டிருந்தார். வெடிப்பை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். எல்லாருமே கண்ணை எடுத்திருக்கிறார்கள். எத்தனை நாளாகவோ.

வேறு யோசனை ஓடவில்லை. சுவரைச் சுட்டிக்காட்டிக் கத்தினாள். "ஏழாவது குறி இங்க இருக்குது. வந்து பாருங்க."

பட்டினத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஓடி வந்தார்கள். போட்டிக்காரர்கள் மட்டும் அறுபது பேர் இருப்பார்கள். பின்னாலேயே வேடிக்கை பார்க்கிற கூட்டம். எல்லாக் கண்ணும் வெடிப்பின் மேல் விழுந்தது. சிவரஞ்சனி கைகூப்பாத குறையாகக் குகைக் கதவையே பார்த்தாள். இப்போது திறக்கும், இதோ திறக்கும் என்று காத்திருந்தாள்.

திறக்கவில்லை. மதிலின் மேலிருந்து பூசுவான் மெதுவாக இறங்கி வந்தது. ஆறு கால்களையும் ஊன்றி வெடிப்புக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு வெடிப்பைத் தொடாமல், அதைச் சுற்றியிருந்த தூசியைத் துடைத்தது. அதன் இரண்டு ஓரத்திலும் பளபளப்புக்கு எண்ணெய் பூசியது. மேலே இருந்து ஒரு பொன்னிற விளக்கு வெடிப்பின் மேல் விழுந்தது. கூட்டம் ஆகா என்றது.

"ஆசையா பாக்கறாங்க" என்றார் ஜெயசீலன். "பிடிச்சிருக்குன்னு எழுதிக்கிச்சு. இனி அத மூடாது."

மணி இரண்டு முப்பத்து மூன்று. பொன் வெளிச்சத்தில் வெடிப்பின் நுனி இன்னும் ஒரு விரற்கடை கீழே இறங்கியதை அவள் பார்த்தாள். அங்கிருந்து ஒரு துளி உருண்டு வந்தது. உள்ளே யாழ்மொழி இந்நேரம் சுறா வரும் இடத்துக்குப் போயிருப்பாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசி அனுப்பவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

மதிலை ஒட்டி ஒரு கல் மேடை இருந்தது. அதில் ஏறி நின்றாள்.

"நான் சொன்னது பொய்ங்க. இது குறி இல்ல. நெசமான வெடிப்பு. பின்னால நாலு மாடித் தண்ணி நிக்குது. கீழ இருநூறு பேரு இருக்காங்க. எம் புள்ள இருக்கா."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தாவூத் பாய்தான் முதலில் பேசினார். "ஏம்மா, நாலு மணிக்கு மேடையில நீ மட்டும் சொல்லணும், நாங்க பயந்து ஓடிப் போயிரணும். அதான? நானும் இந்தத் தொழில்ல பத்து வருசம் இருக்கேன்."

"பாய், சத்தியமா சொல்றேன்."

"போன வருசம் கப்பல்கிட்ட பாம்பு இருக்குதுன்னு சொன்னதும் நீதான?"

அவள்தான் சொன்னாள். அன்றைக்கு அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருந்தாள். இப்போது அவள் அழுதாலும் நடிப்பு, சத்தியம் செய்தாலும் நடிப்பு. பொய் சொல்லியே பழகிய வாய்க்கு உண்மையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு போட்டிக்காரி எதைச் செய்யவே மாட்டாளோ அதைச் செய்தால்தான் இவர்கள் நம்புவார்கள் என்று தோன்றியது.

"பெரிய கப்பலோட பாய்மரத் துணியில நடுத்தையல்ல ஒரே ஒரு நீல நூல் ஓடுது. அது மொதக் குறி" என்றாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"மீன் சந்தைத் தராசுல ஒரு தட்டுக்கு அஞ்சு ஓட்டை, இன்னொண்ணுக்கு ஆறு. அது ரெண்டு. முத்து வியாபாரி சிலைக்கு எடது கையில ஆறு வெரலு. கலங்கரை விளக்கத்துல பதினேழாவது படியில ஆமக் காலு பதிஞ்சிருக்குது."

ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை. தாவூத் பாய் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார். முத்து வியாபாரியின் கையை அவரும் கண்டிருந்தார் போலும்.

"உப்பு மூட்டையில ஒண்ணுக்கு மட்டும் முடிச்சு எடப்பக்கம் போட்டிருக்குது. அஞ்சு. வாசல் யானைக்கு ஒரு கண்ணு மூடியிருக்குது. ஆறு. எல்லாம் சொல்லிட்டேன். யாரு வேணா மேடையேறிக்குங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம். எம் புள்ளைய வெளிய விடச் சொல்லுங்க."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. மூன்று வருட உழைப்பை ஒருத்தி நடுச் சந்தையில் கொட்டிக் கவிழ்க்கிறாள் என்றால் அது விளையாட்டாக இருக்க முடியாது. அது அங்கே நின்ற ஒவ்வொரு போட்டிக்காரருக்கும் புரிந்தது. தாவூத் பாயின் முகம் வெளுத்தது. அந்த வெளுப்பு பக்கத்து முகத்துக்குப் போயிற்று, அங்கிருந்து அடுத்ததற்கு. மேடையைச் சுற்றி நாற்பத்தொரு ஜோடிக் கண்கள் பயத்தில் விரிந்தன.

சங்கு ஊதியது. குகைக் கதவுகள் இரண்டும் ஒரே சமயத்தில் திறந்துகொண்டன.

உள்ளே இருந்தவர்கள் என்ன ஏதென்று தெரியாமல் முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பூபதி கூட்டத்தில் கடைசியாக வந்தார், வழக்கம்போல். அவர் கையைப் பிடித்துக்கொண்டு யாழ்மொழி வந்தாள். தலைமுடி ஒருபக்கம் நனைந்திருந்தது.

"பாதியில நிறுத்திட்டாங்கம்மா" என்றாள் கோபமாக. "நல்லா இருந்துச்சு. மேல இருந்து தண்ணி சொட்டுச்சு, எல்லாரும் கை தட்டினாங்க."

சிவரஞ்சனி அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஈரத் தலையில் முத்தமிட்டாள். உப்புக் கரித்தது. அழுகையை அடக்க அவள் முயலவே இல்லை. பெண் வெட்கப்பட்டு நெளிந்தாள். நெளியட்டும் என்று விட்டாள்.

மறுநாள் காலை போனில் விந்தைவனத்திலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. 'நேற்று மூழ்கிய பட்டினத்தில் நாற்பத்தொரு பார்வையாளர்களை அச்சுறுத்திய குறை கண்டறியப்பட்டு நிரந்தரமாக நீக்கப்பட்டது. பட்டினம் இன்று வழக்கம்போல் திறந்திருக்கும்.' நிம்மதியாகப் பெருமூச்சு விட்டவள், கீழே இணைத்திருந்த படத்தைத் தொட்டுப் பெரிதாக்கினாள். நீக்கப்பட்ட குறையின் படம். கல் மேடை மேல் வாயைத் திறந்து நிற்கும் அவள் முகம்.

ஜெயசீலனைக் கூப்பிட்டாள். அவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"நானும் பாத்தனுங்க. நாப்பத்தோரு பேரும் உங்க மூஞ்சியத்தான் பாத்திருக்காங்க. பேசறவங்க மூஞ்சியத்தான பாப்பாங்க. சுவத்த ஒருத்தரும் பாக்கல."

"அப்ப வெடிப்பு?"

"மூடலீங்க. விருப்பப் பட்டியல்ல அதுதான் மொத எடம். ராத்திரியோட ராத்திரியா இன்னொரு விளக்கு போட்டிருக்காங்க. பத்து மணிக்கு மொத நடை."

அரசுப் பாதுகாப்பு அலுவலகம் ஒன்றைக் கூப்பிட்டாள். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு வலையின் அறிக்கையை வரவழைத்துப் பார்த்தார். அறிக்கையில் குறை எதுவும் இல்லை. "ஒரு குறை இருந்திருக்குதுங்க, நேத்தே சரிபண்ணிட்டாங்க" என்றார் ஆறுதலாக.

வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவள் பஸ் பிடித்தாள். பத்து மணிக்கு முன்னால் விந்தைவன வாசலில் இருந்தாள். அவளைக் கண்டதும் நுழைவுக் கம்பி தானாகத் தாழ்ந்து வழியை அடைத்தது. எனவே வெளியே நின்று, வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். சிலர் ஒதுங்கிப் போனார்கள். சிலர் சில்லறை கேட்கிறாளோ என்று பையைப் பார்த்தார்கள். வாசலில் நாலு பேர் எரிச்சலாக முகம் சுளித்திருக்க வேண்டும். காவலாளி ஒருவர் வந்து இன்னும் நூறடி தள்ளி நிற்கச் சொன்னார்.

அங்கே ஒரு பெண், இரண்டு சின்னக் குழந்தைகளோடு, அவளை உற்றுப் பார்த்து நின்றாள்.

"ஏனுங்க, நேத்து ஆறு குறியையும் சொன்னது நீங்கதானுங்களே?"

ஒருத்தியாவது நின்று கேட்கிறாளே என்று சிவரஞ்சனிக்குக் கண் கலங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாந்தானுங்க. ஏழாவது குறின்னு சொல்றாங்களே, அது குறி இல்லீங்க. வெடிப்பு. இளநீர்க் கடைக்குப் பக்கத்து மதில்ல, மீன் வாலுக்குக் கீழ இருக்குது. மணிக்கு மணி வளருது. அது ஒடஞ்சா குகையில ஒரு உசுரும் தப்பாது. புள்ளைகள கூட்டிட்டு உள்ள போகாதீங்க, உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்."

அந்தப் பெண் கவனமாகத் தலையாட்டினாள். ரொம்ப நன்றிங்க என்று கையை விடுவித்துக்கொண்டாள். நாலு எட்டு போனதும் குனிந்து குழந்தைகளின் காதில் ரகசியமாகச் சொன்னது சிவரஞ்சனிக்குக் கேட்டது.

"வெரசலா வாங்க. இளநீர்க் கடைக்குப் பக்கத்துல, மீன் வாலுக்குக் கீழயாம். யாருகிட்டயும் சொல்லீராதீங்க."

மூன்று பேரும் வாசலைப் பார்த்து ஓடினார்கள்.